கேள்வி – பதில்: அமெரிக்காவின் முதற் படைக்குச் சோறு போட்டவர்கள்

அமெரிக்கச் சுதந்திரப் போரைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு பதிலொன்றில், 1777ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பிலடெல்பியாவுக்கு அருகே வேலி போர்ஜ் முகாமில் தளபதி வாஷிங்டனின் படை பசியால் வாடியது என்று ஒரு வரி இருந்தது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியவையே. எழுதியவர்களிற் பலர் களஞ்சியத்திலும் கணக்குக் கிளையிலும் கடையிலும் வயலிலும் வேலை பார்த்தவர்கள். போர்க்களத்தைவிடப் பண்டகசாலையைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை அக்கேள்விகளுக்கே ஒதுக்கியுள்ளேன்.

கேள்வி: கூட்டுறவுச் சங்கக் களஞ்சியமொன்றில் நீண்ட காலம் பொறுப்பாளராக இருந்தவன் நான். அமெரிக்கா கோதுமையும் சோளமும் மாடும் மலிந்த நாடு. அங்கே சொந்த நாட்டுப் படை பட்டினி கிடந்தது எப்படி? விளைச்சல் பொய்த்ததா?
– களுவாஞ்சிக்குடி வாசகர்

பதில்: விளைச்சல் பொய்க்கவில்லை, ஐயா. தானியமும் மாடும் நாட்டில் இருந்தன. அவற்றை வாங்குவதற்குப் பெறுமதியுள்ள பணமும், ஏற்றி வருவதற்கு வண்டியும், இரண்டையும் நடத்துவதற்கு நிலையான ஓர் அலுவலகமும் ஒரே சமயத்தில் இல்லாமற் போனமையே பட்டினிக்குக் காரணம். அலுவலகம் குலைந்த கதை தங்களுக்கு எளிதில் விளங்கும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

1775 ஜூன் மாதத்தில், அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய சபையான காங்கிரஸ் படையை அமைத்தபோது, உணவுக்குப் பொறுப்பாக ஓர் ஆணையாளர் நாயகத்தையும், வண்டி, குதிரை, கூடாரம், தீவனம், பாதை ஆகியவற்றுக்குப் பொறுப்பாகக் குவாட்டர்மாஸ்டர் ஜெனரல் ஒருவரையும் நியமிக்க ஏற்பாடு செய்தது. உணவுப் பொறுப்பை ஏற்றவர் கனெக்டிகட் மாநில ஆளுநரின் மகனான ஜோசப் ட்ரம்புல். வணிகம் அறிந்தவர், அவருடைய காலத்தில் படை பெரும்பாலும் வயிறார உண்டது. ஆனால் செலவு ஏற ஏறக் காங்கிரசுக்குச் சந்தேகமும் ஏறியது. 1777 ஜூனில் அது அவருடைய திணைக்களத்தை இரண்டாகப் பிரித்து, கொள்வனவு செய்பவர் வேறு, வழங்குபவர் வேறு என்று ஆக்கியது. வாங்குகிறவரே வழங்கினால் கணக்கில் ஓட்டை விழும் என்பது களஞ்சியம் அறிந்த எவரும் ஒப்புக்கொள்ளும் நியாயம் என்பதால் அந்தப் பிரிப்பை நான் குறை சொல்லமாட்டேன். அதைச் செய்த காலமும் விதமுமே பிழையானவை. போர் உச்சத்தில் இருந்த கோடைகாலத்தின் நடுவே புதிய ஒழுங்குவிதிகள் வந்தன. யாரிடம், எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கியது என்று ஒவ்வொரு கொள்வனவையும் பத்தி பத்தியாகப் பதிய வேண்டும். உயிர்மாடு வாங்கினால் அதன் நிறத்தையும் உடல் அடையாளத்தையும்கூட எழுத வேண்டும். நம் பட்டிக்காரர் குறி சுட்ட மாட்டைத் தூரத்திலிருந்தே இனங்காண்பதுபோல, வாங்கிய மாடும் அறுத்த மாடும் ஒன்றுதானா என்பதைப் பிலடெல்பியாவில் இருந்தபடியே இனங்காணக் காங்கிரஸ் ஆசைப்பட்டது. ஆனால் இத்தனை எழுத்து வேலைக்கும் கொடுத்த சம்பளம் போதவில்லை. தமக்குக் கீழுள்ள உதவி ஆணையாளர்களை நியமிக்கும் அதிகாரமும் தலைவரிடமிருந்து காங்கிரசின் கைக்குப் போயிற்று. ட்ரம்புல் விலகினார், அவரோடு பழகிய கைகள் பலவும் விலகின. அவருடைய இடத்துக்கு வந்த வில்லியம் புகனன் அந்தச் சுமைக்கு ஏற்றவராக அமையவில்லை.

வண்டிப் பக்கத்தின் நிலை இதைவிட மோசம். குவாட்டர்மாஸ்டர் ஜெனரலாக இருந்த தோமஸ் மிப்ளின் 1777 ஒக்டோபரில் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அவருடைய இடத்துக்கு 1778 மார்ச் 2ஆம் திகதிவரை எவரும் நியமிக்கப்படவில்லை. வேலி போர்ஜ் முகாமுக்குள் படை நுழைந்தது 1777 டிசம்பர் 19ஆம் திகதி. அதாவது வண்டியும் குதிரையும் மிகவும் தேவைப்பட்ட மாதங்களில் அவற்றுக்குப் பொறுப்பான நாற்காலி வெறுமையாக இருந்தது. டிசம்பர் 23ஆம் திகதி காங்கிரசுக்கு எழுதிய கடிதத்தில் வாஷிங்டன், காலணியும் உடையும் இல்லாத காரணத்தால் மட்டும் 2,898 பேர் கடமைக்குத் தகுதியற்றுக் கிடக்கிறார்கள் என்று எண்ணிக்கையோடு குறிப்பிட்டு, வழி பிறக்காவிட்டால் இந்தப் படை பட்டினியால் மடியவோ கலையவோ சிதறவோ வேண்டிவரும் என்று எச்சரித்தார்.

வண்டிக்காரர்களுக்குக் கூலி குறைவு. அதுவும் நாளுக்கு நாள் மதிப்பிழந்துகொண்டிருந்த தாள் பணத்தில். உப்பு நீரில் ஊறவைத்த பன்றியிறைச்சியைப் பீப்பாய்களில் ஏற்றியவர்களிற் சிலர், பாரம் குறையட்டும் என்று வழியில் அந்த உப்பு நீரை வடித்துவிட்டார்கள். பீப்பாய் முகாமுக்கு வந்து சேரும். மூடியைத் திறந்தால் இறைச்சி கெட்டிருக்கும். கணக்குப் புத்தகத்திலோ அத்தனை பீப்பாயும் கிடைத்ததாகவே இருக்கும். களஞ்சியப் பொறுப்பாளராக இருந்த தாங்கள் அந்தப் பற்றுச்சீட்டில் கையொப்பமிட்டிருப்பீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. முகாமில் குதிரைகள் தீவனமின்றி நூற்றுக்கணக்கில் இறந்தன. வீரர்களே வண்டியை இழுத்த நாட்களும் உண்டு. சுற்றியிருந்த விவசாயிகளிற் பலர், பிலடெல்பியாவைப் பிடித்து வைத்திருந்த பிரித்தானியரிடம் பொன் நாணயத்துக்குத் தங்கள் விளைபொருளை விற்றார்கள். அவர்களைத் துரோகிகள் என்று எழுதுவது எளிது. கையில் கிடைப்பது பெறுமதியற்ற தாள் என்றால் நம்முடைய விவசாயியும் யோசிப்பார்.

பின்பு வெறுமையாக இருந்த நாற்காலியில் அமர்ந்தவர் நத்தானியேல் கிரீன். களத்தில் படை நடத்திய தளபதியான அவருக்கு இந்தப் பதவியில் விருப்பமில்லை; குவாட்டர்மாஸ்டர் ஒருவரைப் பற்றி வரலாற்றில் எவரும் கேள்விப்பட்டதில்லை என்று பின்னர் வாஷிங்டனுக்கு எழுதினார். ஆயினும் அவர் பொறுப்பேற்ற பின்னர் வண்டிகள் சேர்க்கப்பட்டன, பாதைகள் செப்பனிடப்பட்டன, படை செல்லக்கூடிய வழிகளில் தீவனக் களஞ்சியங்கள் முன்கூட்டியே அமைக்கப்பட்டன. 1778 ஜூனில் முகாமை விட்டுப் புறப்பட்ட படை, நியூஜேர்சியிலுள்ள மொன்மவுத் போர்க்களம் வரை தடையின்றி நடந்தது. வேலி போர்ஜில் இறந்தோர் ஏறத்தாழ 2,000 பேர். அவர்களிற் பெரும்பாலோரைக் கொன்றது நோய். எதிரியின் குண்டு அல்ல.

கேள்வி: ஒரு வீரனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு உணவு என்று விதி இருந்ததா? அதில் அரிசி உண்டா?
– சம்மாந்துறை, வயற்செய்கையாளர் ஒருவர்

பதில்: விதி இருந்தது, அரிசியும் இருந்தது. 1775 நவம்பர் 4ஆம் திகதித் தீர்மானத்தின்படி, ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு றாத்தல் மாட்டிறைச்சி, அல்லது முக்கால் றாத்தல் பன்றியிறைச்சி, அல்லது ஒரு றாத்தல் உப்பு மீன். அதனோடு ஒரு றாத்தல் பாண் அல்லது மாவும் ஒரு பைந்து பாலும். வாரத்துக்கு மூன்று பைந்து பட்டாணி அல்லது அவரை. குடிப்பதற்கு ஊசியிலை மரத்தின் கொழுந்தைக் காய்ச்சிச் செய்யும் ஒருவகை பியர் அல்லது ஆப்பிள் மது, நாளுக்கு ஒரு குவாட். 100 பேர் கொண்ட அணிக்கு வாரம் மூன்று றாத்தல் மெழுகுதிரியும் எட்டு றாத்தல் கட்டிச் சவர்க்காரமும். அரிசி, வாரத்துக்கு அரைப் பைந்து. அது இல்லாவிட்டால் ஒரு பைந்து சோளமா. அரைப் பைந்து அரிசி உங்கள் வயலில் வெட்டுக்கு நிற்கும் ஒருவருக்கு ஒரு நேரத்துக்கே காணாது. அதை அவர்கள் ஏழு நாட்களுக்குக் கணக்கிட்டார்கள்.

அந்த அரிசி தென் கரோலினா, ஜோர்ஜியா மாநிலங்களின் கரையோரச் சதுப்பு நிலங்களில் விளைந்தது. அதை விளைவித்தவர்கள் ஆபிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். அவர்களிற் பலர் நெல் விளையும் மேற்கு ஆபிரிக்கப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். 1794இல் கடற்படைக்குத் தனியாக உணவு விதி வந்தபோதும் அரிசிக்கு இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு றாத்தல் பாண், ஒன்றரை றாத்தல் மாட்டிறைச்சி, அரைப் பைந்து அரிசி என்று அச்சட்டம் கிழமை வாரியாக எழுதிவைத்தது. நாள்தோறும் அரைப் பைந்து சாராயமும் உண்டு.

விதியில் எழுதியிருந்ததெல்லாம் தட்டுக்கு வந்ததா என்று அடுத்து கேட்பீர்கள். வேலி போர்ஜில் மாவைத் தண்ணீரில் குழைத்து நெருப்பில் சுட்ட தட்டையான அப்பமே பல நாட்கள் முழு உணவாக இருந்தது.

கேள்வி: நானும் வியாபாரி. அந்தக் காலத்து வியாபாரிகள் எதை நம்பி அரசுக்குப் பொருள் கொடுத்தார்கள்? தரகு வாங்கிக்கொண்டு கொள்வனவு செய்த அதிகாரிகள் நேர்மையாக இருந்தார்களா?
– கல்முனை வாசகர்

பதில்: தொடக்கத்தில் தாள் பணத்தை நம்பினார்கள். காங்கிரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லாததால், 1775 முதல் அது பணத்தை அச்சிட்டே போரை நடத்தியது. 20 கோடி டொலருக்கு மேல் வெளியிடுவதில்லை என்று 1779 செப்டெம்பரில் தீர்மானித்தபோது காலம் கடந்துவிட்டது. 1780 மார்ச்சில் நாற்பது தாள் டொலருக்கு ஒரு வெள்ளி டொலர் என்று காங்கிரசே விலை குறித்தது. அதற்குப் பிறகு அதிகாரிகள் பண்ணைக்குப் போய்த் தானியத்தையும் குதிரையையும் எடுத்துக்கொண்டு, பின்னர் பணம் தருவதாகச் சான்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டுகளை வைத்திருக்க வசதியில்லாத விவசாயிகளும் வீரர்களும் அவற்றை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். 1790இல் மத்திய அரசு அந்தக் கடனை ஏற்றபோது, அப்போது சீட்டைக் கையில் வைத்திருந்தவருக்கே பயன் கிடைத்தது. முதலில் மாட்டைக் கொடுத்தவருக்கு ஒன்றுமில்லை. அந்நாட்டின் நிதி வரலாற்றில் இது பெரிய சாதனை என்று புகழப்படுவதுண்டு. புகழ்பவர்கள் அந்த விவசாயியின் பக்கத்திலிருந்து பார்ப்பதில்லை.

தரகைப் பற்றிக் கேட்டீர்கள். கிரீனும் அவருடைய இரு உதவியாளர்களும் சம்பளத்துக்குப் பதிலாகத் திணைக்களம் செய்யும் செலவில் நூற்றுக்கு ஒரு வீதம் பெற்று, அதைத் தமக்குள் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். செலவு கூடினால் தங்கள் வருமானம் கூடும் என்ற ஏற்பாட்டில் சிக்கனத்தை எதிர்பார்ப்பது கடினம். காங்கிரஸ் அதை அறிந்தே ஒப்புக்கொண்டது, ஏனெனில் திறமையுள்ளவர் வேறு விதமாக வரச் சம்மதிக்கவில்லை. கிரீன் திருடினார் என்று எவரும் நிறுவவில்லை. ஆனால் கொள்வனவு ஆணையாளர் நாயகமாயிருந்த ஜெரமையா வாட்ஸ்வர்த்துடனும் இன்னொரு வணிகருடனும் அவர் 1779இல் இரகசியமாக ஒரு கூட்டு வணிகத்தில் சேர்ந்தார்; பெயர்கள் வெளியே தெரியாதபடி பார்த்துக்கொண்டார்கள். இன்றைய பெறுகை விதிகளின் கீழ் அந்த ஒரு காரணத்துக்கே பதவி போயிருக்கும்.

1780 பெப்ரவரியில் காங்கிரஸ் பணத்தைக் கைவிட்டு, இன்ன மாநிலம் இவ்வளவு இறைச்சி, இவ்வளவு மா, இவ்வளவு வைக்கோல் தரவேண்டும் என்று பங்கு பிரித்தது. பொருளை மாநிலம் தன் எல்லைக்குள் எங்கோ ஒரு களஞ்சியத்தில் சேர்த்துவிடும். அங்கிருந்து படை நிற்கும் இடத்துக்கு ஏற்றிச் செல்லப் பணம் இருக்காது. ஒரு புறம் பொருள் பழுதாக, மறுபுறம் வீரர் பட்டினி கிடந்தார்கள். 1781 ஜனவரி முதலாம் திகதி பென்சில்வேனியாப் படைப்பிரிவு சம்பளமும் உடையும் கேட்டுக் கலகம் செய்தது.

அந்த ஆண்டில் நிதிப் பொறுப்பை ஏற்ற பிலடெல்பியா வணிகர் றொபேட் மொறிஸ், உணவுப் பங்கொன்றுக்கு இன்ன விலை என்று கேள்விப்பத்திரம் கோரி ஒப்பந்தகாரரிடம் வழங்கலை ஒப்படைத்தார். தமது சொந்தப் பெயரில் எழுதிய சீட்டுகளையே பணம்போலப் புழங்கவிட்டார்; காங்கிரசின் கையொப்பத்தைவிட அவருடைய கையொப்பத்தை வியாபாரிகள் நம்பினார்கள். போரின் முடிவைத் தீர்மானித்த யோர்க்டவுன் முற்றுகையை நோக்கிப் படை நடந்தபோது, வழியில் அதற்கு ஒரு மாதச் சம்பளத்தை வெள்ளி நாணயமாகக் கொடுப்பதற்குப் பிரெஞ்சுப் படையிடம் கடன் வாங்கினார். ஒப்பந்த முறை மலிவாக இருந்தது உண்மை. 1782இல் ஒப்பந்தகாரர் அனுப்பிய மாட்டிறைச்சியின் தரத்தைப் பற்றி வாஷிங்டன் கோபமாக எழுதிய கடிதங்கள் இருப்பதும் உண்மை. மொறிஸ் பின்னாளில் நிலம் வாங்கி விற்கும் வணிகத்தில் நொடிந்து, 1798 முதல் 1801 வரை கடன்காரர் சிறையில் இருந்தார்.

கேள்வி: அமெரிக்கச் சுதந்திரப் போர் மட்டக்களப்புக் கடல்வரை வந்தது என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். இது உண்மையா?
– மட்டக்களப்பு, உயர்தர மாணவி

பதில்: உண்மை, மகளே. உங்கள் ஆசிரியர் சரியாகவே சொன்னார். அதுவும் வழங்கலோடு தொடர்புடைய கதைதான்.

அமெரிக்கருக்கு ஆதரவாக 1778இல் பிரான்ஸ் போரில் இறங்கியது. ஒல்லாந்தர் அமெரிக்கருடன் நடத்திய வணிகம் பிரித்தானியரின் கோபத்துக்குக் காரணங்களில் ஒன்றாகி, 1780 டிசம்பரில் அவர்களுக்கும் பிரித்தானியாவுக்கும் போர் மூண்டது. அப்போது திருகோணமலையும் மட்டக்களப்பும் ஒல்லாந்தரின் கையில் இருந்தன. 1782 ஜனவரியில் பிரித்தானியக் கடற்படைத் தளபதி எட்வேட் ஹியூஸ் திருகோணமலையைப் பிடித்தார். அடுத்த மாதமே இந்தக் கடலுக்கு வந்த பிரெஞ்சுத் தளபதி சுப்ரென், 1782 பெப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பாலும், ஏப்ரல் 12ஆம் திகதி திருகோணமலைக்குத் தெற்கே நமது கிழக்குக் கரைக்கு அப்பாலும் ஹியூசுடன் மோதினார். இரண்டாவது போரில் இருதரப்புக் கப்பல்களும் கடுமையாகச் சேதமடைந்து, ஒன்றையொன்று பார்த்தபடி பல நாட்கள் நங்கூரமிட்டுக் கிடந்தன.

ஹியூசுக்குத் திருகோணமலை இருந்தது. சுப்ரெனுக்கோ அருகில் சொந்தத் துறைமுகம் எதுவும் இல்லை. பாய்மரம், கயிறு, வெடிமருந்து எல்லாவற்றுக்கும் அவர் மொறீசியஸ் தீவுக்குத்தான் போக வேண்டும். போய்வர மாதங்கள் ஆகும். அங்கே திரும்பும்படி அவருக்குக் கட்டளையும் இருந்தது. அதை அவர் மீறினார். ஏப்ரல் கடைசியில் ஒல்லாந்தரின் மட்டக்களப்புக்கு வந்து, ஜூன் தொடக்கம்வரை இங்கேயே நின்றார். பெரிய போர்க்கப்பல்கள் ஆழங்குறைந்த வாவிக்குள் நுழைய முடியாது. புளியந்தீவுக் கோட்டைக்கு வெளியே திறந்த கடலில்தான் நின்றிருக்க வேண்டும். நோயாளிகளைக் கரையிறக்கினார்கள், தண்ணீர் பிடித்தார்கள், சிறிய கப்பல்களின் பாய்மரத் தண்டுகளைக் கழற்றிப் பெரிய கப்பல்களுக்குப் பொருத்தினார்கள். தென்மேல் பருவக்காற்றின் காலமாக இருந்ததால் கிழக்குக் கரையில் அவ்வாறு நிற்க முடிந்தது. வாடைக் காற்றில் அந்த வேலையை நினைத்தும் பார்த்திருக்க முடியாது.

ஓகஸ்டில் மறுபடியும் மட்டக்களப்புக்கே வந்தார். 21ஆம் திகதி மொறீசியசிலிருந்து இரண்டு பெரிய போர்க்கப்பல்களும் படையினரும் பொருட்களும் இங்கே அவரை வந்தடைந்தன. 25ஆம் திகதி திருகோணமலைக்கு முன்னால் நின்றார். மாதம் முடிவதற்குள் கோட்டை சரணடைந்தது. ஹியூஸ் வந்து சேர்ந்தபோது பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. யோர்க்டவுனில் பிரித்தானியர் சரணடைந்து அப்போது பத்து மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தும் இந்தக் கடலில் போர் முடியவில்லை. 1783 ஜூனில் கடலூருக்கு அப்பால் நடந்ததே இங்கே கடைசி மோதல். அமெரிக்க வரலாற்றுப் பாடத்தில் மட்டக்களப்பின் பெயர் வராது. பிரெஞ்சுக் கடற்படை வரலாற்றில் வரும்.

கேள்வி: அமெரிக்கருக்குக் கடற்படையே இருக்கவில்லை என்கிறார்களே. கப்பலை யார் கட்டினார்கள், பீரங்கியும் வெடிமருந்தும் எங்கிருந்து வந்தன?
– வாழைச்சேனை, மீன்பிடித் தொழிலாளி

பதில்: இருந்தது, நிலைக்கவில்லை. 1775 டிசம்பரில் காங்கிரஸ் 13 போர்க்கப்பல்களைக் கட்ட உத்தரவிட்டது. மரமும் தச்சரும் அங்கே தாராளம். பீரங்கி வார்க்கும் உலை, பாய்த்துணி, நங்கூரம் ஆகியவையே தட்டுப்பாடு. உடல் முடிந்த கப்பல்கள் பீரங்கிக்காகத் துறையில் காத்துக் கிடந்தன. கடலோடிகளும் கிடைக்கவில்லை: எதிரி வணிகக் கப்பலைப் பிடித்தால் கொள்ளையில் பெரும்பங்கு தருவதாகத் தனியார் கப்பல்கள் அழைத்தபோது, அரச கப்பலின் சம்பளத்துக்கு யார் போவார்? அத்தகைய தனியார் கப்பல்களுக்குக் காங்கிரஸ் ஏறத்தாழ 1,700 அனுமதிப் பத்திரங்களை வழங்கியது. 13 கப்பல்களிலும் ஒன்றேனும் போரின் முடிவுவரை மிஞ்சவில்லை. பிடிபட்டன, அல்லது எதிரி கையில் சிக்காதபடி எரிக்கப்பட்டன, ஒன்று வெடித்துச் சிதறியது. கடைசியாக எஞ்சியிருந்த ‘அலையன்ஸ்’ என்னும் இன்னொரு கப்பலும் 1785இல் விற்கப்பட்டது.

வெடிமருந்தின் நிலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். 1775 ஓகஸ்டில் பொஸ்டன் முற்றுகையின்போது கையிருப்பை எண்ணிப் பார்த்தால் மாசசூசெட்ஸ் களஞ்சியத்தில் 36 பீப்பாய்கள்தான். அயல் மாநிலங்களின் இருப்பைச் சேர்த்தாலும் ஒருவருக்கு ஒன்பது வெடிக்குமேல் வராது. பழைய கணக்கில், செலவான மருந்தையும் இருப்பாகவே காட்டியிருந்தார்கள். வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பின் பெரும் ஊற்று அக்காலத்தில் வங்காளம். அது கிழக்கிந்தியக் கம்பனியின் பிடியில் இருந்தது. ஆகவே பிரான்சிலிருந்தும், ஒல்லாந்தரின் மேற்கிந்தியத் தீவான சென். யுஸ்டேசியஸ் வழியாகவும் மறைமுகமாக வாங்கினார்கள். 1776 மார்ச்சில் பகாமாத் தீவுகளில் நாசோவைக் கடற்படை தாக்கியதும் மருந்துக்காகவே. பீரங்கிகள் கிடைத்தன, மருந்தின் பெரும்பகுதியை ஆளுநர் முன்னிரவே கப்பலேற்றி அனுப்பிவிட்டதால் 24 பீப்பாய்கள்தான் அகப்பட்டன.

மறுபடியும் கப்பல் கட்டியது 1794ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்: அல்ஜியர்ஸ் கடற்கொள்ளையருக்கு எதிராக ஆறு கப்பல்கள். ஒரே துறையில் கட்டியிருந்தால் மலிவாக முடிந்திருக்கும். அரசியல் காரணத்தால் ஆறு துறைகளுக்கும் ஒவ்வொன்றாகப் பகிர்ந்தார்கள். கப்பற் சிற்பி ஜோசுவா ஹம்ப்றீஸ் விலா மரத்துக்கு ஜோர்ஜியாத் தீவுகளில் வளரும் ஒருவகை ஓக் மரமே வேண்டும் என்றார்; இரும்புபோன்ற மரம். வடக்கிலிருந்து அதை வெட்டப் போனவர்கள் மலேரியாவில் விழுந்தார்கள், வேலை பின்தங்கியது. 1797இல் மூன்று கப்பல்களே கடலில் இறங்கின. அவற்றுள் ஒன்றான ‘கொன்ஸ்டிடியூஷன்’ இன்றும் பொஸ்டனில் மிதக்கிறது.

கேள்வி: போர் முடிந்த பிறகு கொள்வனவு எந்த அமைச்சின் கீழ் வந்தது? கணக்காய்வு உண்டா?
– அம்பாறை, கணக்குக் கிளை அலுவலர்

பதில்: 1789 ஓகஸ்டில் போர்த் திணைக்களம் சட்டப்படி அமைக்கப்பட்டது. அதன் செயலாளர் ஹென்றி நொக்ஸிடம் இருந்தவர்கள் ஒருசில எழுதுவினைஞர்களே. கடற்படையின் வேலையும் அவருடைய மேசைக்கே வந்தது. கணக்காய்வு தீவிரமாகத் தொடங்கியதற்கு ஒரு பெருந்தோல்வி காரணமாயிற்று.

1791இல் ஒஹாயோப் பிரதேசத்தின் பூர்வகுடிகளுக்கு எதிராக ஆர்தர் சென். கிளயரின் படை அனுப்பப்பட்டது. உணவு ஒப்பந்தம் நியூயோர்க் வணிகர் வில்லியம் டூவரிடம். குவாட்டர்மாஸ்டர் சாமுவேல் ஹொட்ஜ்டன். டூவர் முற்பணத்தை வாங்கிப் பங்கு, நில ஊகவணிகத்தில் போட்டார். பிலடெல்பியாவிலிருந்து அனுப்பிய பொதிச் சேணங்கள் அங்கிருந்த குதிரைகளுக்குப் பெரிதாக இருந்தன, கூடாரங்கள் ஒழுகின, வெடிமருந்தின் தரத்தைப் பற்றியும் முறைப்பாடு எழுந்தது. கோடையில் முடிந்திருக்க வேண்டிய படையெடுப்பு இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போனது. நவம்பர் 4ஆம் திகதி அதிகாலையில், லிட்டில் டேர்ட்டில், புளூ ஜக்கெட் ஆகியோர் தலைமையில் பூர்வகுடிப் படை தாக்கியதில் 600க்கு மேற்பட்ட அமெரிக்க வீரர் மாண்டனர். தங்கள் நிலத்தைக் காக்க நின்றவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது திறமையான வெற்றி. வழங்கல் சீராக இருந்திருந்தால் தோல்வி நேர்ந்திராது என்று உறுதியாகச் சொல்லவும் எனக்கு மனமில்லை.

1792 மார்ச்சில் பிரதிநிதிகள் சபை விசாரணைக் குழுவை நியமித்தது. அந்நாட்டுச் சட்டசபை நிறைவேற்றுத் துறையின் செயலை விசாரித்த முதற் சந்தர்ப்பம் அது. ஆவணங்களைக் கேட்டபோது, கொடுப்பதா மறுப்பதா என்று வாஷிங்டன் அமைச்சரவையைக் கூட்டி ஆலோசித்து, பின்னர் கொடுத்தார். தளபதி மீது குற்றமில்லை, குவாட்டர்மாஸ்டர், ஒப்பந்தகாரர் ஆகிய இரு பக்கங்களிலும் பெரும் சீர்கேடு இருந்தது என்று குழு முடிவு சொன்னது. டூவர் அதே ஆண்டில் நொடிந்து சிறை புகுந்து, 1799இல் இறந்தார். ஹொட்ஜ்டனுக்கோ பின்னர் படைக் களஞ்சியங்களை மேற்பார்வை செய்யும் பதவியே கிடைத்தது. நீண்ட காலம் அரச சேவையில் இருந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

1792 மே மாதச் சட்டம் படைக்கான கொள்வனவைத் திறைசேரிக்கு மாற்றியது. அதோடு போர்த் திணைக்களத்துக்கென ஒரு கணக்காளர் நியமிக்கப்பட்டார். அவர் தீர்த்த கணக்கைத் திறைசேரி மீண்டும் பார்க்கும். 1795 பெப்ரவரியில் பொதுப் பொருட் கொள்வனவு அதிகாரி என்ற பதவி உருவாக்கப்பட்டு, டென்ச் பிரான்சிஸ் முதலில் அதில் அமர்ந்தார். துணி, சப்பாத்து முதல் கப்பற் கயிறு வரை அவரே வாங்கினார். பொருள் தேவை என்று கேட்பது ஓர் அமைச்சு, வாங்குவது இன்னோர் அமைச்சு. தாமதத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டியதில்லை. 1798இல் பிரான்சுடன் கடற்சண்டை நெருங்கியபோது ஏப்ரல் 30ஆம் திகதி கடற்படைத் திணைக்களம் பிரிக்கப்பட்டது. முதற் செயலாளரான பெஞ்சமின் ஸ்டொடர்ட் ஒரு வணிகர். துறைமுகங்களில் முகவர்களை வைத்து, தரகு கொடுத்து, வேண்டியதை விரைவாக வாங்குவித்தார். அதே ஆண்டு ஜூலையில் ஒப்பந்தம் செய்யும் அதிகாரமும் அந்தந்தத் திணைக்களங்களுக்குத் திரும்பியது.

கேள்வி: இந்தக் கணக்குகளை இன்று பார்க்க முடியுமா?
– ஏறாவூர் வாசகி

பதில்: மூலப்பிரதிகளிற் பெரும்பாலானவை இல்லை. போர்த் திணைக்களம் புதிய தலைநகருக்கு மாறிய சில மாதங்களில், 1800 நவம்பர் 8ஆம் திகதி அதன் வாடகைக் கட்டடம் எரிந்து கோப்புகள் அழிந்தன. ஆனால் திணைக்களம் அனுப்பிய கடிதம் பெற்றவரிடம் இருந்தது. திணைக்களத்துக்கு எழுதியவர் தம்மிடம் பிரதி வைத்திருந்தார். ஒப்பந்தகாரரின் குடும்பப் பெட்டியிலும் திறைசேரியிலும் இரட்டைப் பற்றுச்சீட்டுகள் கிடந்தன. அவற்றை நூற்றுக்கணக்கான ஆவணக்காப்பகங்களிலிருந்து படம்பிடித்துச் சேர்த்து, அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்று இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பழைய கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்துகொடுக்கத் தொண்டர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆங்கிலக் கூட்டெழுத்து வாசிக்கத் தெரிந்தால் ஏறாவூரில் இருந்தே பதிவு செய்து அந்த வேலையில் சேரலாம்.